மலைக்குப் போட்ட போர்வை

"அப்பா, வவ்வாலுங்க தூங்கறப்ப யாரு போர்வை போத்திவிடுவா?"

கெர்ட்டு இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. முதல் பனி விழுந்து நின்று, மறுபடி விழுவதா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்த மாலை. வீட்டுக்குப் பின்னால், கைவிடப்பட்ட செம்புச் சுரங்கத்தின் மேலே வவ்வால்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கோடை முழுவதும் ஏரிக்கரையில் பூச்சி பிடித்துத் தின்று, விரல் நீள உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குளிர்காலத் தூக்கத்துக்காக அவை திரும்பி வரும் காலம் அது. எரிந்த காகிதத்தின் துகள்போல ஒவ்வொன்றாக இறங்கி மலைக்குள் போய் மறைந்தன. இனி வசந்தத்தில்தான் வெளியே வரும்.

கெர்ட்டுவின் அப்பா ஓர்வோ கெம்பைனன் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். அவள் தாயில்லாத பிள்ளை. தூங்குகிறவர்களுக்குப் போர்த்திவிட ஒருவர் வேண்டும் என்பது அவள் மனதில் எப்படியோ பதிந்திருந்தது.

"கர்த்தர் போத்திவிடுவார்மா."

"அவர்கிட்ட போர்வை இருக்கா?"

"நம்மகிட்ட இருக்கே. அதெல்லாம் அவரோடதுதான்."

அப்படியானால் கொடுத்துவிட்டு வரலாம் என்றாள் கெர்ட்டு.

ஓர்வோ சவுனா கட்டுகிறவன். மிச்சிகனின் வடகோடியில், பெரிய ஏரியின் இந்தக் கரையில், ஃபின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் வம்சம் வாழும் எங்கள் ஊர்களில், முதலில் சவுனாவைக் கட்டிவிட்டுத்தான் வீட்டைக் கட்டுவார்கள். சூடேறிய கற்களின் மேல் தண்ணீரை ஊற்றி, எழும்பும் ஆவியில் சனிக்கிழமைதோறும் குடும்பமே உட்கார்ந்து வியர்க்கும் மர அறை அது. முன்பெல்லாம் குழந்தை பிறந்ததும் அங்கேதான். இறந்தவரைக் கழுவியதும் அங்கேதான். காய்ச்சலோ கவலையோ, எங்களுக்கு முதல் மருந்து சூடு.

அந்தச் சூட்டை நிறுத்திவைப்பதில்தான் ஓர்வோவின் கைத்திறமை இருந்தது. விறகு எரிந்து தணலானதும் புகைபோக்கியின் குறுக்கே உள்ள இரும்புத் தகட்டைத் தள்ளி மூடவேண்டும். முந்தி மூடினால் நச்சுப்புகை உள்ளே தங்கி ஆளைக் கொன்றுவிடும். பிந்தி மூடினால் சூடு வானத்துக்குப் போய்விடும். அவன் கட்டிய சவுனாவில் மறுநாள் காலையில்கூடக் கற்கள் வெதுவெதுப்பாக இருக்கும் என்று ஹான்காக் நகரம் வரை பேர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பாவும் மகளும் மலையேறினார்கள். சுரங்கத்துக்கு இரண்டு வாய்கள். மேல்வாய் ஓர்வோவின் நிலத்தில், மலை உச்சிக்குச் சற்றுக் கீழே, வேலி சூழ்ந்த ஒரு குழி. கீழ்வாய் பக்கத்து வீட்டு தய்மி லாத்தினனின் நிலத்தில், சரிவின் அடியில். வவ்வால்கள் போய்வரக் கீழ்வாய் போதும். ஆகவே மேல்வாயில் பலகை அடித்து, வைக்கோல் கட்டுகளை அடுக்கி, இடுக்குகளில் சாக்கைத் திணித்தான் ஓர்வோ. எல்லாவற்றுக்கும் மேலே கெர்ட்டு தன் நீலக் கம்பளிப் போர்வையை விரித்து நான்கு மூலைகளிலும் கல் வைத்தாள். பிறகு, படுக்கைக்குப் போகுமுன் சொல்லும் ஜெபத்தை இரண்டு பேரும் மலைக்காகச் சொன்னார்கள்.

அன்றிரவு பனி கொட்டியது. அடுப்பருகே படுத்திருந்த கெர்ட்டு, "இப்ப அதுங்களுக்குக் கதகதன்னு இருக்கும்ல?" என்றாள் பாதித் தூக்கத்தில். மனிதர்கள் செய்யும் நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்று நினைத்தபடியே ஓர்வோவும் தூங்கிப்போனான்.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அவர்கள் வைக்கோலைப் புதுப்பித்தார்கள். அதில் இன்னொருத்திக்கும் நன்மை கிடைத்தது. கீழ்வாய்க்குள் நுழைந்ததும் இடப்பக்கம், இரும்புக் கம்பித் தடுப்புக்கு முன்னாலேயே, பாறையில் குடைந்த அகன்ற அறை ஒன்று உண்டு. முன்பு சுரங்கத் தொழிலாளிகள் சம்மட்டி வைத்த இடம். வாளித் தண்ணீர் உறையுமளவுக்கு அங்கே குளிர்காற்று வீசும். மேலே போர்வை போட்ட வருடத்திலிருந்து அந்தக் காற்று நின்றுவிட்டது. வெள்ளம் ஏறும் தன் வீட்டு நிலவறையை விட்டுவிட்டு, தய்மி உருளைக்கிழங்கை எல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டினாள்.

"இந்த மலைக்கு என் மேல ஒரு இது, ஓர்வோ," என்பாள் தய்மி. அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். "நாப்பத்தஞ்சு வயசுக்கு மேலதான் ஒருத்தன் என்னை கதகதப்பா வெச்சுக்கறான். அவனும் கல்லா இருக்கான்."

"அவனுக்குக் காது இருந்தா ஓடியிருப்பான்."

"உனக்குக் காது இருக்கு, நீ ஓடலையே. வா, காப்பி குடிக்கலாம்."

இப்படி ஐந்து குளிர்காலங்கள் போயின.

கிழக்கே நியூயார்க் பக்கத்துக் குகைகளில் வவ்வால்கள் சாகின்றன என்ற பேச்சு முதலில் வானொலியில் வந்தது. பிறகு பென்சில்வேனியா, பிறகு ஒஹையோ. மூக்கில் வெள்ளை படிகிற ஒரு நோய். ஏரிக்கு அந்தப் பக்கம் பெய்யும் மழையைப்போல, அது நமக்கில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

கெர்ட்டுவுக்குப் பத்து வயதான பிப்ரவரியில், பள்ளிக்குப் போகும் வழியில் அவள் பேருந்தின் முன்னிருக்கையிலிருந்து கத்தினாள்.

"தய்மி அத்தை, வண்டிய நிறுத்துங்க!"

"வாந்தியா? சீட்டுக்கு அடியில பை இருக்கு, எடு."

"வாந்தி இல்ல அத்தை. அங்க பாருங்க, வவ்வால்!"

"பட்டப்பகல்லயா? பனியிலயா? கனவு கண்டுக்கிட்டே பல் தேச்சியா நீ?"

ஆனால் தய்மி வண்டியை நிறுத்தினாள். சாலையோரப் பனிமேட்டின் மேல், வெயிலில், ஒரு வவ்வால் கிடந்தது. இறக்கையை விரித்து நீந்துவதுபோல் அசைந்தது. மூக்கைச் சுற்றி மாவில் முகம் வைத்தது போன்ற வெள்ளை. தள்ளி இன்னொன்று. மரக்கிளையில் ஒன்று. இல்லாத பூச்சிகளைத் தேடி, வெறும் வெள்ளை வானத்தில் இரண்டு மூன்று பறந்துகொண்டிருந்தன. பேருந்திலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தப் பக்கத்து ஜன்னல்களில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். பனியில் எந்தச் சத்தமும் நிற்பதில்லை. அந்தச் சின்னச் சிறகடிப்புகூடக் கேட்கவில்லை.

"யாரும் கையால தொடாதீங்க," என்றாள் தய்மி. அவள் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

அந்த வாரமே பல்கலைக்கழகத்திலிருந்து நோரா ட்ரெவாரோ வந்தாள். வவ்வால்களைப் பற்றியே படித்தவள். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து இதே சுரங்கங்களுக்கு முன்பே வந்தவர்களின் வழி வந்தவள். தலைக்கவசமும் உடம்பை மூடும் வெள்ளை உடையுமாகக் கீழ்வாய் வழியே உள்ளே போய், மதியம் தாண்டித் திரும்பி, உடையைக் கழற்றிப் பையில் கட்டி வைத்துவிட்டு, ஓர்வோவின் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். தய்மி பாஸ்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்து மூடிச் சுட்ட மாவுப் பொதி. நோரா ஒரு கடி கடித்து, நிறுத்தி, உள்ளே பார்த்தாள்.

"கேரட் போட்டிருக்கீங்க."

"தெரியும். நான்தான் போட்டேன்."

"எங்க வீட்டுல கேரட் போட்டா அது பாஸ்டியே இல்லம்பாங்க."

"உங்காளுங்க எங்க தாத்தனுக்குக் கத்துக்குடுத்தாங்க, நாங்க அதைச் சரி பண்ணினோம். பிடிக்கலேன்னா பொறுக்கி ஓரமா வைங்க. பஸ் நிறைய பசங்கள பாத்தவ நான், கோவிச்சுக்க மாட்டேன்."

நோரா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கேரட்டையும் சேர்த்துத் தின்று முடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"உள்ள நிறைய செத்துக் கிடக்கு. மத்ததும் தூங்கல. முழிச்சு முழிச்சு நகருதுங்க."

"அது என்ன நோய்ங்க?" என்றான் ஓர்வோ.

"பூஞ்சை. ரொட்டியில பூக்குதே, அந்த ஜாதி. குளிர்லதான் வளரும். ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்கு. ரொம்பக் குளிர்னா அதுவும் சோம்பிடும். ரொட்டிய ஃப்ரிட்ஜ்ல வெச்சா பூஞ்சை மெதுவா வருது, மேசைல வெச்சா சட்டுனு வருதுல்ல? அப்படித்தான். வவ்வால் தூங்கறப்ப அதோட உடம்பு குகை எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர்ந்துடும். குகை சில்லுனு இருந்தா பூஞ்சையும் தூங்கும், அதுவும் தூங்கும். கொஞ்சம் கதகதப்பாச்சுன்னா பூஞ்சை இறக்கையை அரிக்க ஆரம்பிக்கும். அரிச்சா முழிப்பு வரும். ஒவ்வொரு முழிப்புக்கும் சேர்த்து வெச்ச கொழுப்பு கரையும். பிப்ரவரியிலயே கைவசம் இருந்தது தீர்ந்துபோய், பசி தாங்காம வெளிய வந்துடுதுங்க."

"இந்தக் குளிர்லயா பூஞ்சை வளரும்?" என்றாள் தய்மி.

"வெளியதான் குளிர். உள்ள அப்படி இல்ல. இந்தப் பக்கத்துல எத்தனையோ சுரங்கம் பாத்துட்டேன், இவ்வளவு கதகதப்பா எதுவும் இல்ல. ஏன்னுதான் புரியல."

ஓர்வோ கையிலிருந்த காப்பிக் கோப்பையை மேசை மேல் வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. எதிரே கெர்ட்டு உட்கார்ந்து நோராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் என்று அவனுக்குத் தெரியும். கீழே ஒரு வாய், மேலே ஒரு வாய். மலை ஒரு பெரிய அடுப்பு. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் கதகதப்பான காற்று மேல்வாய் வழியாக ஏறிப் போகும். போகும் வேகத்தில் கீழ்வாய் வழியாகக் குளிர்காற்றை உள்ளே இழுக்கும். நூறு வருடமாக மலை இப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவன் போய்ப் புகைபோக்கித் தகட்டை மூடிவிட்டான். வாழ்நாள் முழுக்க எந்த வேலையை நேரம் பார்த்துச் செய்தானோ அதை, யாரையும் கேட்காமல், ஒரு மலைக்குச் செய்துவிட்டான்.

அன்றைய தூக்கத்தில் மலை அவனுடைய சவுனாவுக்கு வந்தது. மேல்படியில் முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தது, வயதான ஒரு பெரிய மனிதரைப்போல. உடம்பெல்லாம் வியர்வை. ஒவ்வொரு வியர்வைத் துளிக்கும் சின்னச் சிறகுகள். "போதும்பா, கதவைத் திற," என்று அது மிக மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஓர்வோவோ கற்களின் மேல் இன்னும் ஓர் அகப்பை தண்ணீர் ஊற்றினான். ஊற்றுவதைத் தவிர அந்தக் கனவில் அவன் கைக்கு வேறொன்றும் தெரியவில்லை.

நாட்கள் போயின. நோராவிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் சொன்னால் கெர்ட்டுவுக்குத் தெரிந்துவிடும். வவ்வால்கள் சாவது ஒரு துக்கம். அவை அவள் போர்த்திய போர்வையால் செத்தன என்பதை ஒரு பத்து வயதுக் குழந்தை எப்படிச் சுமக்கும்? வசந்தம் வரட்டும், சத்தமில்லாமல் தானே போய் எடுத்துவிடலாம் என்று அவன் எண்ணினான். ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் போர்த்திவிடுவதில் ஒரு வகைதான் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

ஒரு காலை அவன் அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தபோது கெர்ட்டு இரண்டு தட்டுகளோடு வந்தாள். ஒன்றில் ஃப்ரிட்ஜில் வைத்திருந்த ரொட்டித் துண்டு. இன்னொன்றில், அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் அவள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த துண்டு. முதலாவது ரொட்டியாகவே இருந்தது. இரண்டாவதில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

"அப்பா," என்றாள். தட்டுகளைக் கீழே வைக்கவில்லை. "நம்ம போர்வை…"

"ஆமாம்மா."

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"அந்த அம்மா சொன்ன அன்னிக்கே தெரிஞ்சுது."

அவள் கண் நிறைந்தது. ஆனால் அவன் பயந்ததுபோல அவள் உடைந்துபோகவில்லை. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நாம பாசமாத்தானே செஞ்சோம்?"

"பாசமாத்தான் செஞ்சோம். நமக்குக் குளிருதுன்னு அதுங்களுக்குப் போத்திட்டோம். உங்களுக்கு என்ன வேணும்னு அதுங்ககிட்ட கேக்கல."

"அதுங்ககிட்ட எப்படிக் கேக்கறது?"

"தெரிஞ்சவங்ககிட்ட கேட்டிருக்கலாம்."

கெர்ட்டு தட்டுகளை மேசை மேல் வைத்தாள். "சரி, போனை எடுங்க. இப்ப கேளுங்க," என்றாள்.

நோரா தொலைபேசியில் முழுவதையும் கேட்டாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "ஓர்வோ, போர்வை போட்டாலும் போடாட்டியும் இந்த நோய் இங்க வந்திருக்கும். அதைக் கொண்டுவந்தது நீங்க இல்ல. ஆனா அங்க ஒரு புகைபோக்கி இருக்குன்னு நீங்க சொல்றது எனக்குப் புது சேதி. மூடினது நீங்கதானே, உங்களாலயே திறக்க முடியும். மத்த ஊர்ல எனக்கு அந்த வசதி இல்ல."

"இன்னிக்கே ஏறிப் பிரிச்சுடறேன்."

"வேண்டாம், வேண்டாம். பாதித் தூக்கத்துல திடீர்னு குளிர் அடிச்சா எல்லாம் முழிச்சுக்கும். மிச்சம் இருக்கறதும் போயிடும். பொறுங்க. கோடைல எல்லாம் வெளிய போனப்புறம் எடுங்க. அடுத்த குளிருக்குத் திரும்பி வர்றப்ப வீடு சில்லுனு இருக்கட்டும்."

அந்தப் பொறுமைதான் அவர்களுக்கு வந்த பெரிய சோதனை. பனி உருகும்வரை கெர்ட்டுவும் ஓர்வோவும் தடிக் கையுறை மாட்டிக்கொண்டு பனியில் விழுந்தவற்றைப் பொறுக்கினார்கள். நோரா ஆய்வுக்குக் கேட்டவற்றை டப்பாவில் வைத்தார்கள். மற்றவற்றைப் பிர்ச் மரத்தடியில் புதைத்தார்கள். ஒவ்வொன்றும் உதிர்ந்த இலையின் எடைகூட இருக்காது. மே மாதத்தில் மலையிலிருந்து வெளியே வந்த கூட்டம் புகைபோல எழும்பவில்லை. ஒன்று, பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று என்றே வந்தது.

இனித் தய்மியிடம் சொல்லவேண்டியிருந்தது. கோடை முழுவதும் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு, வவ்வால்கள் திரும்புமுன், செப்டம்பரில் அவள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது ஓர்வோ வரப்பில் போய் நின்றான்.

"நான் மேல பிரிச்சேன்னா கீழ காத்து இழுக்கும், தய்மி. உன் கிழங்கெல்லாம் உறைஞ்சுபோகும். அந்த அறைக்கு இருக்கற அகலத்துக்கு என்னால கதவும் போட முடியாது."

தய்மி கிழங்கு தோண்டும் கவைக்கோலை மண்ணில் ஊன்றி அதன் மேல் கையை வைத்தாள். "அஞ்சு வருஷமா மலைக்கு என் மேல ஆசைன்னு நினைச்சுட்டிருந்தேன். உன் வைக்கோலா அது?"

"என் வைக்கோல்தான்."

"என் வாழ்க்கைல ஒரே காதல், அதுலயும் நீ வைக்கோல் அடைச்சு ஏமாத்திட்ட." அவள் ஒரு கிழங்கை எடுத்து அவன் மேல் எறிந்தாள். "போடா, போய்ப் பிரி. ஹான்காக்ல என் பெரியம்மா பொண்ணு வீட்டு நிலவறை காலியாத்தான் கெடக்கு. அங்க கொண்டுபோய்ப் போட்டுடறேன்."

"வேன் கொண்டுவரவா?"

"எங்கிட்ட பஸ்ஸே இருக்குடா."

அவன் நிம்மதியோடு திரும்பினான். மறுநாள் கெர்ட்டுவும் தய்மியும் அவனுமாக மலையேறினார்கள். வைக்கோல் மக்கிக் கறுத்திருந்தது. கெர்ட்டுவின் போர்வை நீலம் போய், பாசி படிந்து, கையோடு கிழிந்து வந்தது. கடைசிப் பலகையை ஓர்வோ கடப்பாரையால் நெம்பியதும் குழிக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு கூழாங்கல் விழுந்து உருண்டது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு மிக மெல்ல, தூங்குகிறவர் நெஞ்சில் கை வைத்தால் தெரியுமே அப்படி, காற்று அசைந்தது. கெர்ட்டு உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டு, "மூச்சு விடுது," என்றாள்.

அந்தக் குளிர்காலம் கொடுமையானது. ஏரி கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை உறைந்து கிடந்தது. மலைக்கு மேலே மேல்வாயைச் சுற்றியிருந்த பிர்ச் மரங்களில் மட்டும், மலை விட்ட மூச்சு பட்டுப் பட்டு, இறகு இறகாக வெண்பனி பூத்தது. விடியற்காலை வெளிச்சத்தில் அந்த இடம் இளஞ்சிவப்பாக மிதந்தது. ஓர்வோ தினமும் சமையலறை ஜன்னலில் நின்று அதைப் பார்ப்பான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. நோரா சொல்லும்வரை யாரும் நுழையக்கூடாது. பகலில் பறக்கும் சிறகு எதுவும் கண்ணில் படவில்லை. அது நல்லதா, அல்லது வெளியே வரக்கூட மிச்சமில்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஜெபத்தில் அவன் வேறொன்றையும் கேட்கவில்லை. அவை தூங்கட்டும் என்று மட்டும் கேட்டான்.

ஜனவரியில், பிள்ளைகள் கரடித்தோல் போர்த்தி ஊர்வலம் போகும் ஹெய்க்கி திருநாளன்று, கோயில் கூடத்தில் விருந்து. தய்மியின் பாஸ்டியைப் பிய்த்த ஓர்வோ உள்ளே வெறும் டர்னிப்பைக் கண்டான்.

"உருளைக்கிழங்கு எங்க?"

"உடம்பைக் குறைக்கறேன். உன்னைப் பாத்தா உனக்கும் நல்லதுன்னு தோணுது."

கூடமே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டுத் தின்றான்.

மார்ச்சில் நோரா வந்தாள். இந்தத் தடவை ஓர்வோவையும் உள்ளே கூட்டிப்போவதாகச் சொன்னாள். வெள்ளை உடை மாட்டி, தலைக்கவசத்தில் விளக்கேற்றிக்கொண்டு இருவரும் கீழ்வாயில் நுழைந்தார்கள். கெர்ட்டு வெளியே பனியில் நின்றாள். வாசலிலேயே காற்று முழங்காலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியது. நோரா கம்பித் தடுப்பின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். ஓர்வோ இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

பாறை அறை காலியாக இல்லை. கிழங்குக் குவியலின் மேல் கெட்டிப் போர்வைகள் கிடந்தன. ஒன்று தய்மியின் கூடத்து நாற்காலியில் எப்போதும் கிடக்கும் பச்சைப் போர்வை. இன்னொன்று அவள் கட்டில் விரிப்பு. அவளுடைய பழைய குளிர்கால மேலங்கிகூட இருந்தது. ஒரு மூலையைத் தூக்கினான். கிழங்குகள் கறுத்து, கண்ணாடிபோல் உறைந்து கிடந்தன. மூலையில் விதைக்காகத் தனியாகக் கட்டி வைத்திருந்த சாக்கும் அதே கதி.

ஹான்காக்கில் நிலவறை எதுவும் இல்லை. இருந்திருந்தால் இங்கே இவை ஏன்? அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் தயங்கியிருப்பான். ஒரு வருடம் பார்க்கலாம் என்றிருப்பான். அந்தத் தயக்கத்துக்கு இடம் கொடாமல் கிழங்கை எறிந்து அவனைத் துரத்திவிட்டிருக்கிறாள்.

"வரீங்களா?" என்றாள் நோரா.

ஓர்வோ போர்வையை முன்பிருந்தபடியே மூடினான்.

உள்ளே போகப் போக, காலடிச் சத்தம் அவர்களை விட்டுத் தனியே நடந்தது. சுவர்களில் செம்பின் பச்சைக்கறை ஓடியது. நோரா கையை உயர்த்தி நிற்கச் சொன்னாள். விளக்கொளியைத் தாழ்த்தி, மெல்ல மேலே கொண்டுபோனாள்.

கூரையின் ஒரு மடிப்பில் அவை தொங்கின. ஒன்றோடொன்று நெருங்கி, முகங்களை உள்ளே புதைத்து, ஒரு கைக்குட்டை அகலமேயான கூட்டம். நோய் வருமுன் வவ்வால்கள் மூடிக் கூரையே தெரியாதாம். ஒவ்வொன்றின் ரோமத்திலும் பனித்துளிகள் கோத்திருந்தன. விளக்கு பட்டதும் மழை விட்ட வானத்தில் நட்சத்திரம் வருவதுபோல ஒரே சமயத்தில் மின்னின. சில மூக்குகளில் வெள்ளை மெல்லிய கோடாக இருந்தது. ஆனால் எதுவும் அசையவில்லை. எதுவும் விழித்திருக்கவில்லை. தரையில் புதிதாகச் செத்தவை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

நோரா அவன் காதருகே, மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "குண்டா இருக்குதுங்க. பாருங்க, மார்ச்லயும் குண்டா இருக்குதுங்க."

அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் அந்தக் குளிரில் தலைக்கவசத்தைக் கழற்ற முடியாமல் தலையை மட்டும் தாழ்த்தினான். நம் கை எட்டாத இடத்தில் நமக்காக ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஞாயிறுதோறும் பாடுகிறோம். பாடுவதைக் கண்ணால் காண்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வெளியே வந்ததும் கெர்ட்டு ஓடிவந்தாள். கால் பனியில் புதைந்து விழுந்து எழுந்தாள்.

"தூங்குதுங்களா?"

"தூங்குதுங்க."

"குளிருதா உள்ள?"

"பயங்கரக் குளிர்மா."

"அப்பாடா," என்றாள் கெர்ட்டு, பனியிலேயே உட்கார்ந்துகொண்டு.

தய்மியிடம் ஓர்வோ கிழங்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளாக மறைத்ததை வெளியே இழுத்தால் அவள் செய்ததன் இனிமை போய்விடும் என்று அவனுக்குத் தோன்றியது. மே மாதக் கடைசியில் மண் இளகியபோது, எல்லோரும் நடவு பற்றிப் பேசிய காப்பி மேசையில் தய்மி, "இந்த வருஷம் புல் விதைக்கலாம்னு இருக்கேன். முதுகு வலிக்குது," என்றாள். ஓர்வோ தலையாட்டினான்.

பள்ளிப் பிள்ளைகளை மார்க்கெட் என்னும் துறைமுக நகரத்துக்கு, ஏரியின் கப்பல்களைக் காட்ட, அவள் பேருந்தில் கூட்டிப்போகும் நாள் வந்தது. கெர்ட்டுவும் போனாள். பேருந்து வளைவில் திரும்பி மறைந்ததும், ஓர்வோ தன் சமையலறைத் தரைப்பலகையைத் தூக்கி, தன் தோட்டத்துக்கென வைத்திருந்த விதைக்கிழங்கு அத்தனையையும் எடுத்தான். முளைகள் உடையாமல் கூடைகளில் அடுக்கித் தள்ளுவண்டியில் கொண்டுபோனான். அவள் நிலத்தை ஓரம் முதல் ஓரம் வரை கொத்தினான். சால் பிடித்து, ஒவ்வொரு கிழங்காக முளை மேலே பார்க்க வைத்து, மண் அணைத்தான். அவன் நடுவது தடித்த தோலுடைய மஞ்சள் ரகம். அவளுக்கு அதுதான் பிடிக்கும் என்று அவள் ஒருமுறை அவன் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே சொல்லியிருந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது வேலை முடிந்தது. காலி கூடைகளை வண்டியில் கவிழ்த்து வரப்பில் நிறுத்தினான். பிறகு பரம்புக்கட்டையை எடுத்துக்கொண்டு நிலத்தின் கோடிக்குப் போய், தன் காலடித் தடங்களை ஒவ்வொன்றாக அழித்தபடியே பின்னோக்கி நடந்து வெளியே வந்தான்.